சும்மா வர்ற அரிசிக்கு எதுக்கு எடை?

ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பெண் தராசில் ஓடும் எண்ணை எட்டிப் பார்த்து, "இருபது வரலியேண்ணே, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டால் போதும். எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். "சும்மா குடுக்குற அரிசிக்கு எடை வேறயா?" சொல்வது கடைக்காரராக இருக்கலாம், வரிசையில் பின்னால் நிற்கும் ஊர்த்தெருக்காரராக இருக்கலாம். சில நேரம் நம் காலனி ஆளே சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். குமராட்சி ஒன்றியத்தில் நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதமே இல்லை. கேட்ட பெண் அதோடு வாயை மூடிக்கொள்வார். பை நிறைந்தவரைக்கும் சரி என்று தூக்கிக்கொண்டு நடப்பார்.

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறோம். இன்னொரு சண்டையும் இருக்கிறது. அது உங்களோடு, அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது, உண்மை. விலை கிடையாது என்றால் உரிமையும் கிடையாது என்று யார் சொன்னது? 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் உரிமையைக் கிலோவில்தான் எழுதியிருக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. "இயன்றதைக் கொடுக்கவும்" என்று அதில் எங்கும் இல்லை. கிலோவில் எழுதிய உரிமையைத் தராசைப் பார்த்துத்தானே கேட்க முடியும்? போகட்டும், அந்த நெல்லுக்கு நாற்றுப் பறித்ததும் நட்டதும் களை எடுத்ததும் யார்? வீராணத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கடைமடையில் சேற்றில் குனிந்து நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கை நட்ட நெல் மூட்டையாகி, ஆலைக்குப் போய், கிடங்குக்குப் போய், அரிசியாகத் திரும்பி வரும்போது அவர்களுக்கே அது தானமாகிவிடுகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்!

இந்த வாக்கியம் ரேஷன் கடையில் பிறந்ததில்லை. நெற்களத்தில் பிறந்தது.

'படியளக்கிறவர்' என்று ஒரு சொல் நம் பேச்சில் இருக்கிறது. கடவுளுக்குச் சொல்வார்கள், முதலாளிக்கும் சொல்வார்கள். "நமக்குப் படியளக்குற மகராசன்" என்று பண்ணையாரைப் பார்த்துக் கும்பிட்ட தலைமுறை இன்னும் முழுசாக மறையவில்லை. நாள் முழுக்கச் செய்த வேலைக்கு வாங்கிய கூலிக்கு வைத்த பெயர்தான் இந்தப் படியளப்பு. இந்தச் சொல் செய்த வேலையைக் கவனியுங்கள். கூலி என்றால் குறைந்தால் கேட்கலாம். படியளப்பு என்றால் கும்பிடத்தான் வேண்டும். அளக்கிறவர் கையில் இருக்கும் மரக்காலைத் திருப்பிப் பார்ப்பது நன்றி கெட்ட செயலாகிவிடும்.

அந்த மரக்கால் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். டெல்டா முழுக்க ஒரே கதைதான் சொல்வார்கள். குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். முதலாவது பெரியது, இரண்டாவது சின்னது. மரக்கால் ஒன்றாகவே இருந்தாலும் வாங்கும்போது குவித்து அளப்பார்கள், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். ஒரு மரக்காலுக்கு எத்தனை படி என்பதே ஊருக்கு ஊர் மாறும். தூற்றிய நல்ல நெல் பத்தாயத்துக்குப் போகும், பதரும் கருக்காயும் கலந்தது கூலியாக வரும். அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் எண்ணுவார்கள். யாருக்கு லாபம் என்று களத்தின் ஓரத்தில் துண்டை விரித்துக்கொண்டு நின்றவர் கேட்க முடியாது.

நம் பக்கத்துக் கதையையே எடுங்கள். நந்தனின் ஊர் என்று சொல்லப்படும் ஆதனூர் இங்கிருந்து தூரமில்லை. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் கொண்டுவந்தார். தில்லைக்குப் போக வேண்டுமா, முதலில் 40 வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்தப் பண்ணையார். வேலையின் அளவு கச்சிதமாக, வேலிக் கணக்கில் வந்துவிட்டது. அந்த 40 வேலிக்கு நந்தனுக்கு எத்தனை மரக்கால் கூலி என்று இத்தனை ஆண்டு கதாகாலட்சேபத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, அன்றைய கீழத்தஞ்சையில், விளைச்சல் பெருகுகிறதே எங்கள் கூலியையும் கூட்டுங்கள் என்று விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகக் கேட்டார்கள். அரைப்படி நெல் என்று இன்றைக்கும் மக்கள் நினைவில் நிற்கிற கோரிக்கை அது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதில் மிகுதி. மேல்முறையீட்டில் நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எடை, ஒரே அளவு என்று மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த எடை அளவைச் சட்டம் 1956-இல் வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்தும் களத்தில் அளந்தது பண்ணையின் மரக்கால்தான்.

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். 1986-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த நாள் அது. உங்கள் கல்லூரியில் நுகர்வோர் மன்றம் இருந்தால் அன்றைக்குக் கட்டுரைப் போட்டி, வாசகப் போட்டி நடத்துவார்கள். "விழித்துக்கொள் நுகர்வோரே" என்று தட்டி எழுதி ஊர்வலம் போவார்கள். மறுநாள் வெண்மணி நாள். அளவு குறைகிறது என்று கேட்டதற்காக எரிக்கப்பட்டவர்களுக்கு அந்த ஊர்வலத்தில் ஒரு வரி கிடையாது. நமக்கு அந்த இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டு நிற்பது தற்செயலாகப் படவில்லை, தற்செயல்தான் என்று தெரிந்தும்.

நுகர்வோர் விழிப்புணர்வு வகுப்பு எடுப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் நுகர்வோர் யார்? கையில் காசு வைத்திருப்பவர். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகக் கூடியவர். கடைக்காரரை "ஹலோ" என்று கூப்பிடக் கூடியவர். காலனியில் இருக்கும் நம் அக்காவுக்கு இந்த மூன்றும் இல்லை. அவருக்கு மளிகைக் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. நடவு முடிந்து கூலி வந்தால் அடைக்கலாம் என்று எழுதிவைத்த கடன் நோட்டு. அந்த நோட்டில் பெயர் இருக்கும்வரை, பொட்டலத்தில் அரைக்கால் கிலோ பருப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். கேட்டால் "கடனுக்கும் வாங்கிக்கிட்டு எடையும் கேக்குறியா" என்று வரும். ரேஷன் கடை வாக்கியத்தின் தம்பி இது. எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஓர் ஆயா இன்னும் தெளிவாகச் சொன்னார்: "கேட்டுடலாம் தம்பி. அடுத்த மாசம் கைரேகை விழலைன்னு நாலு தடவ நடக்க உடுவாங்க. அப்ப நீ வந்து நிப்பியா?" விழித்துக்கொள் என்று இவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். தேய்ந்துபோன கட்டைவிரலின் ரேகை இயந்திரத்தில் விழுவதும் விழாததும் யார் கையில் இருக்கிறது என்பதுவரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

கடைக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் வகுப்பறையில் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு சட்டங்களைக் காட்டுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, சாதியின் பேரால் தடுக்கக் கூடாத இடங்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் சொல்வதே கடைகளைத்தான். அடுத்து, 1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 6-ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரால் ஒருவருக்குப் பொருள் விற்க மறுப்பது குற்றம் என்பதோடு அது நிற்கவில்லை. மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளின்படி விற்க மறுப்பதும் குற்றம் என்கிறது. 'அதே நிபந்தனை' என்பதற்குள் அதே அளவும் வரும் என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். ஊர்த்தெரு அம்மாவுக்குத் தராசில் வைத்துக் காட்டி, நம் அம்மாவுக்கு முன்பே கட்டிவைத்த பொட்டலத்தைத் தூக்கிப் போட்டால் அது எடை பற்றிய விஷயம் மட்டுமா? சட்டம் படிக்கும் தோழர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். எடைக் குறைவு வழக்கையும் தீண்டாமை வழக்கையும் தனித்தனி அலமாரியில் வைத்தே நமக்குப் பழக்கமாகிவிட்டது.

மிட்டாய் கேட்டுப் போன பிள்ளைகளிடம், உங்களுக்கெல்லாம் இனி தின்பண்டம் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளம், 2022 செப்டம்பர். அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் பரப்பியதும் அந்தப் பக்கத்தவர்களே, பெருமையாக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2016 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றங்கள். எடை கேட்கத் தயங்கும் நம் அக்காவின் மனதில் ஓடுவது இந்தக் காட்சிதான். நூறு கிராம் போனால் போகிறது, கடையே போய்விட்டால்? எடைக் குறைவை அவர் வாடகை மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது உங்களோடு உள்ள சண்டை.

கடந்த சில ஆண்டுகளாக நம் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறார்கள். எடை போடுகிறவரின் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடிக்கிறார்கள். "ஏன் குறையுது, சொல்லு, பதில் சொல்லு" என்று கேட்கிறார்கள். அவர் முழிக்கிறார், அல்லது கத்துகிறார். பின்னணி இசை சேர்த்து மாலைக்குள் ரீல்ஸ் வந்துவிடுகிறது. பத்தாயிரம் பேர் பார்க்கிறார்கள். மேலிடம் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்கிறது. நமக்கு வெற்றி, மகிழ்ச்சி. அடுத்த மாதம் புதிதாக ஒருவர் வருகிறார், எடை அதேபோல் குறைகிறது.

கேட்டது சரி. யாரைக் கேட்டீர்கள் என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

50 கிலோ என்று மேலே எழுதிய மூட்டையில் 50 கிலோ இருப்பதில்லை என்று ரேஷன் கடை ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. கடை வாசலில் இறக்கும்போதே எடை போட்டுக் கொடுங்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கில் குறைந்தது எவ்வளவு, லாரியில் சிந்தியது எவ்வளவு, குத்தூசி போட்ட ஓட்டையில் கொட்டியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கு வருகிறவருக்கு இருப்புக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம் விற்பனையாளருக்கு. அவர் அதை யாரிடம் எடுப்பார்? வரிசையில் கேள்வி கேட்காமல் நிற்பவரிடம். அவர் யோக்கியர் என்று நாங்கள் சான்றிதழ் தரவில்லை. கூடவே தன் பங்குக்கும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மிச்ச அரிசி எந்த வண்டியில் எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரிந்த கடைகளும் இருக்கின்றன. அவர்களை விடச் சொல்லவில்லை. ஆனால் 2022-இல் கூட்டுறவுத் துறை ரேஷன் கடைகளுக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆண்டு விற்பனையாளருக்கு மாதம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500 ரூபாய் தொகுப்பூதியம் என்று அறிவித்தது. பட்டம் முடித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கட்டுநர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் படம் பிடிக்கும் அந்த முகம் பக்கத்து ஊர்க் காலனி முகமாகவும் இருக்கக் கூடும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூட வைத்துத்தான் எடுக்கிறார்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கையிலும் கேட்கிறார்கள் என்பது ஒவ்வொரு அறுவடையிலும் டெல்டா விவசாயிகள் எழுப்பும் புகார். குத்தகைக்கு ஓர் ஏக்கர் அரை ஏக்கர் பயிர் வைக்கும் நம் ஆட்களுக்கும் இதே கதைதான். நெல்லை வாங்குவதும் அதே வாணிபக் கழகம், ரேஷன் கடைக்கு அரிசி அனுப்புவதும் அதே வாணிபக் கழகம். வாங்கும்போது கூடுகிறது, கொடுக்கும்போது குறைகிறது. பெரிய மரக்காலும் சின்ன மரக்காலும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன என்று யார் சொன்னது? இந்த இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பவர்களை எந்த ரீல்ஸிலும் நாங்கள் பார்த்ததில்லை. அங்கே கேமராவோடு உள்ளே போக முடியாது என்பதால்தான் கடை வாசலில் நிற்பவரிடம் வீரம் காட்டுகிறோம்.

சிதம்பரத்தின் பெரிய கடைகளுக்குப் போனாலும் இதேதான். குமராட்சியிலிருந்து காலையில் பேருந்து ஏறி, இரவு கடை மூடிய பிறகு ஓடிவந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பெண்பிள்ளைகள் அந்தக் கடைகளில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் போட வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் பல கடைகளில் நாற்காலியைத் தேட வேண்டியிருக்கிறது. பாக்கெட்டில் பருப்பு குறைகிறது என்று நீங்கள் போய் அந்தப் பிள்ளையைத் திட்டினால், அவள் "சார், நாங்க பேக் பண்றதில்ல சார்" என்பாள். அது உண்மை. கம்பெனி கட்டியதையோ முதலாளி பின்கட்டில் கட்டச் சொன்னதையோ அவள் அடுக்கிவைக்கிறாள். நீங்கள் சத்தம் போட்டால் முதலாளி வந்து உங்கள் முன்னால் அவளைத் திட்டி, வேறு பாக்கெட் கொடுத்து உங்களை அனுப்பிவைப்பார். உங்களுக்கு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும். அந்த நூறு கிராம் அவள் சம்பளத்தில் பிடிக்கப்படுமா என்பதை நீங்கள் விசாரிக்கப் போவதில்லை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கும் டாஸ்மாக் ஊழியரிடம் மட்டும் நம் ஆண்கள் ஏனோ இவ்வளவு சத்தம் போடுவதில்லை, அது வேறு கதை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? முதலில் தராசைக் கேளுங்கள். கடையில் இருக்கும் ஒவ்வொரு தராசும் முத்திரை வைக்கப்பட்டிருக்க வேண்டும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. முத்திரையில் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் காலாண்டைக் காட்டும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும், சான்றிதழைப் பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். பொருளை வைக்கும் முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அள்ளும் டப்பாவோடு சேர்த்து எடை போடுகிறார்களா, டப்பாவைக் கழித்துவிட்டுப் போடுகிறார்களா என்று பாருங்கள். தீபாவளிக்கு இனிப்பு வாங்கினால் அட்டைப் பெட்டியை ஸ்வீட் விலைக்கு வாங்காதீர்கள். பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, காலி உருளையின் எடை அதன் கழுத்துப் பட்டையிலேயே எழுதியிருக்கும். கொண்டுவரும் அண்ணனிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அவர் கையில் தராசு இல்லையென்றால் அதைக் கொடுக்காத ஏஜென்சியைப் பற்றி எழுதுங்கள், அவரைப் பற்றி வேண்டாம். பாக்கெட் பொருளுக்குச் சட்டமே கொஞ்சம் பிழையை அனுமதிக்கிறது. ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை. அதற்கு மேல் குறைந்தால் பாக்கெட்டைப் பிரிக்காமல் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய நிறுவனத்தின் முகவரி, புகார் எண், நிகர எடை, மாதம், விலை எல்லாம் அதன் முதுகில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். ஐந்து ரூபாய் பிஸ்கெட் மட்டும் விலை மாறாமல் மெலிந்துகொண்டே போகும். அதில் எழுதிய எடை சரியாக இருக்கும், ஆகவே அதைச் சட்டம் தொடாது. காலனிப் பெட்டிக்கடையில் சின்னப் பாக்கெட்டாகவே வாங்கும் நாம்தான் ஒரு கிராமுக்கு மற்ற எல்லோரையும்விட அதிகம் கொடுக்கிறோம்.

எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் எடை அளவு முத்திரை வேலை தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது, 2009-இன் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ். கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. நம் தோழர்கள் கூலிப் பிரச்சினைக்கு ஏறி இறங்கும் அதே துறைதான், எடைக்கும் அங்கேதான் போக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ரேஷனுக்கு 1967, நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வழக்குத் தொடரக் கட்டணம் இல்லை. தனியாளாகப் போகாதீர்கள், தனிப் பெயரில் எழுதாதீர்கள். கடன் நோட்டில் பெயர் இருப்பவர் பெயரை மனுவில் போடவே போடாதீர்கள். கடனில்லாத பத்துப் பேர், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள், குழுவாகக் கையெழுத்துப் போடுங்கள். எடை கேட்டதற்காகக் கடையில் பொருள் மறுத்தாலோ சாதிப் பெயரைச் சொன்னாலோ அந்த நிமிடமே அது நுகர்வோர் புகார் இல்லை, வன்கொடுமைப் புகார். காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவில் கடைக்காரர் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். "அண்ணே, உங்களுக்கு மூட்டை எடை போட்டு வருதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வரவில்லை என்று அவர் சொன்னால் அதையே மனுவின் முதல் வரியாக எழுதலாம். கையெழுத்துப் போட அவர் பயப்படுவார், போடாவிட்டாலும் பரவாயில்லை. கிடங்கிலிருந்து வண்டி வரும் நாளை மட்டும் சொன்னால் போதும். அந்த நாளில் பத்துப் பேர் போய் நின்று, இறங்கும் மூட்டைகளை அந்தக் கடைத் தராசிலேயே ஏற்றிப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவை அப்போது எடுங்கள். மூட்டைக்கு முகமில்லை, தாராளமாகப் படம் பிடிக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஒவ்வொரு நியாய விலைக் கடைக்கும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் உரிய பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் போன ஊர்களில் எங்கள் கடைக்கு அப்படி ஒரு குழு இருக்கிறது என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எனவே ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் வட்ட வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எங்கள் ஊர் நியாய விலைக் கடையின் கண்காணிப்புக் குழு உறுப்பினர்கள் யார் யார், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், குழு கடைசியாகக் கூடிய தேதி என்ன, கடந்த ஓராண்டில் கிடங்கிலிருந்து வந்த மூட்டைகள் கடையில் எடை போட்டு வாங்கப்பட்டனவா, அந்தப் பதிவேட்டின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், குமராட்சி ஒன்றியத்துக்கு நாங்களும் ஊர் ஊராக எழுதிக்கொண்டிருக்கிறோம்.